மணியின் நாக்கு: தெருவும் ஓசையும் பற்றிச் சில குறிப்புகள்

'யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே' என்பதை வரப்போகும் சங்கதிக்கு உவமையாகச் சொல்லியே பழகிவிட்டோம். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு அது உவமை இல்லை. ஆற்றிலிருந்து திருமஞ்சனக் குடத்தோடு கோயில் யானை வரும்போது முதலில் காதில் விழுவது மணிதான். யானையின் பாதத்தில் கொழுப்புத் திண்டு இருக்கிறது. அத்தனை பெரிய உடம்பு பூனை மாதிரி நடக்கும். சத்தமில்லாத வண்டிக்கு ஓசை கட்ட வேண்டும் என்று இன்று பொறியாளர்கள் பேசுவதை பாகர்கள் என்றோ செய்துவிட்டார்கள்.

இப்போது உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் பேட்டரி ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் ஓடுகின்றன. மதிலுக்குள் அமைந்த இந்தத் தெருக்களில் வாசல் எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. கோலம், பூக்கட்டு, வம்பு எல்லாம் தெருவில்தான். பின்னால் வருவது டீசல் ஆட்டோவா புல்லட்டா என்று திரும்பிப் பார்க்காமலே ஒதுங்கிப் பழகியவர்கள், "சத்தமே இல்லாம வந்து முதுகுல நிக்கிது" என்கிறார்கள்.

அப்படியானால் சத்தம் போதுமா? திருச்சி மெயின்கார்டுகேட்டில் நின்று பார்த்தவர்களுக்கு அதில் சந்தேகம் வரும். பல தொனியில் அலறும் ஹாரனை 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119-ம் விதி தடை செய்கிறது. ஏர் ஹாரன் பாட்டுக்கு அலறுகிறது. அது 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லவில்லை. 'ஓரமாப் போடா' என்கிறது. மனுநீதிச் சோழன் கதையை இங்கே இப்படி வாசிக்கலாம். சேக்கிழார் சொல்கிறபடி இளவரசன் முரசும் சங்கும் முழங்கத்தான் வந்தான். கன்று தேர்க்காலில் சிக்கிச் செத்தது. அந்த முழக்கம் ஊருக்குச் சொன்னது, கன்றுக்கு அல்ல. பசுவுக்குக் கிடைத்த மணி அரண்மனை வாசலில் தொங்கியது, எல்லாம் முடிந்த பிறகு அடிப்பதற்கு.

இன்னொரு தேர் அகநானூற்றின் நான்காம் பாட்டில் வருகிறது. குறுங்குடி மருதனாரின் தலைவன், துணையோடு இருக்கும் வண்டுகள் கலைந்துவிடுமே என்று அஞ்சி மணியின் நாக்கைக் கட்டிவிட்டு வருகிறான். அந்த மௌனத்துக்கு எதிரில் ஓர் உயிர் இருக்கிறது. பேட்டரி ஆட்டோவின் மௌனம் யாரையும் நினைத்து வந்ததல்ல. மோட்டாரின் தன்மை, அவ்வளவுதான்.

மணி யார் கழுத்தில் என்பதும் வரலாறுதான். கேரளத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் தாங்கள் வருவதைத் தாங்களே கூவிச் சொல்ல வேண்டியிருந்தது. எச்சரிக்கை ஓசை, நடப்பவனின் தொண்டையில் சுமத்தப்பட்டது. 1893-ல் அய்யன்காளி திருவிதாங்கூரின் பொதுச்சாலையில் வில்லுவண்டி ஓட்டியது இந்த ஏற்பாட்டின் மேல்தான். 'நடக்கிறவன்தான் பார்த்து நடக்கணும்' என்று இன்று சொல்பவர்கள் எந்த ஏற்பாட்டின் மிச்சத்தைப் பேசுகிறோம் என்று யோசிக்கலாம்.

மின்வண்டியின் ஓசைக்காக முதலில் போராடியவர்கள் பார்வையற்றவர்கள். அமெரிக்காவில் அவர்களின் தேசியக் கூட்டமைப்பு விடாமல் வற்புறுத்தி வந்தது. 2011 ஜனவரியில் சட்டம் கையெழுத்தானது. 2016-ல் வந்த ஐ.நா. விதி எண் 138, மணிக்கு 10 கிலோமீட்டரில் 50 டெசிபல், 20-ல் 56 டெசிபல் குறைந்தபட்சம் வேண்டும் என்றது. அதற்கு மேல் டயர் உராய்வே காட்டிக் கொடுத்துவிடும். உச்ச வரம்பு 75, அலறலுக்கு இடமில்லை. ஆனால் முதல் வடிவத்தில் ஓட்டுநர் விரும்பினால் ஓசையை நிறுத்திவைக்க ஒரு பொத்தான் அனுமதிக்கப்பட்டிருந்தது. மறுபடியும் மணியின் நாக்கு ஓட்டுகிறவன் கையில்! பார்வையற்றோர் அமைப்புகள் எதிர்த்தன. 2017-ல் வந்த திருத்தத்தில் பொத்தான் போனது.

இந்தியாவில் 2025 செப்டம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு வரைவு வெளியிட்டது. புதிய மாடல்களுக்கு 2026 அக்டோபர் 1, ஏற்கெனவே உள்ள மாடல்களுக்கு 2027 அக்டோபர் 1 முதல் இந்த ஓசை கட்டாயம் என்றது. எந்த வண்டிகளுக்கு? கார், பஸ், லாரி வகைகளுக்கு. நம் நாட்டில் விற்கும் மின்வண்டிகளில் பெரும்பகுதியான இரண்டு சக்கரமும் மூன்று சக்கரமும் அந்த வரைவில் இல்லை. திருச்சி புத்தூரில் பார்வையற்ற பெண்களுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. வெள்ளைக்கோலோடு அந்தப் பெண்கள் தெருவைக் கடக்கும்போது பக்கத்தில் உரசிப் போவது காரைவிட ஆட்டோவும் ஸ்கூட்டரும்தான்.