குற்றம் பிள்ளையிடமா, சுவரிலா?

"இவனுக்குப் படிப்பு ஏறாது." "ஓரிடத்தில் உட்கார மாட்டாள்." வகுப்பில் பின்தங்கும் பிள்ளையைப் பார்த்துப் பெரியவர்கள் சொல்லும் வார்த்தைகள் இவை. பழி முதலில் பிள்ளைமீது விழும். பிறகு தாயின் வளர்ப்புமீது. அந்தப் பிள்ளை சுவாசித்த காற்றையும் தொட்டு விளையாடிய சுவரையும் யாராவது விசாரித்ததுண்டா? விசாரித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களால் வெளிவந்ததுதான் காரீயத்தின் கதை.

ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் செய்யப்படுவது. காரீயம் வேறு. வீட்டுச் சாயத்திலும் பேட்டரியிலும், ஒரு காலத்தில் பெட்ரோலிலும் கலந்திருந்தது காரீயமே.

தாழ்வாரத்தில் கிடைத்த துப்பு

1892ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் பல குழந்தைகள் வயிற்றுவலியாலும் கைகால் செயலிழப்பாலும் அவதிப்பட்டனர். இது காரீய நஞ்சு என்று அங்குள்ள மருத்துவர்கள் கண்டறிந்தனர். அது எங்கிருந்து வந்தது என்பதுதான் புரியவில்லை. 1904இல் லாக்ஹார்ட் கிப்சன் என்ற மருத்துவர் வீட்டுத் தாழ்வாரத்தின் கைப்பிடிகளைச் சுட்டிக்காட்டினார். வெயிலில் பொடியாகும் சாயம் குழந்தையின் கையில் ஒட்டி, விரல் சூப்பும்போது வயிற்றுக்குள் போகிறது என்றார். 1922இல் குவீன்ஸ்லாந்து அரசு, குழந்தைகளுக்கு எட்டும் இடங்களில் காரீயச் சாயம் பூசச் சட்டத்தால் தடை விதித்தது.

ஆனாலும், உயிர் பிழைத்த குழந்தை குணமடைந்துவிட்டது என்றே பலரும் நம்பினர். 1943இல் பாஸ்டன் நகரின் பயர்ஸ், லார்ட் என்னும் இரு மருத்துவர்கள் அப்படிக் 'குணமான' 20 குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்தனர். அவர்களில் 19 பேர் பள்ளியில் தடுமாறிக்கொண்டிருந்தனர். உடல் தேறியது, மூளை தேறவில்லை.

சாலைக்கு வந்த நஞ்சு

இதற்கிடையே 1921இல் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கப் பொறியியலாளர், பெட்ரோலில் காரீயம் கலந்தால் இயந்திரம் தட்டாமல் ஓடும் என்று கண்டுபிடித்தார். 1923இல் விற்பனை தொடங்கியது. மறு ஆண்டே அதைத் தயாரித்த ஆலைகளில் தொழிலாளர்கள் மாண்டனர். 1925இல் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் கடுமையாக எச்சரித்தும் விற்பனை தொடர்ந்தது. வாகனப் புகையோடு காரீயம் உலகமெங்கும் பரவியது.

பால்பல் சொன்ன சாட்சி

நோயே தெரியாத பிள்ளைகளையும் இது பாதிக்கிறதா? ஹெர்பர்ட் நீடில்மன் என்ற மருத்துவர், பாஸ்டனுக்கு அருகிலுள்ள இரண்டு ஊர்களின் பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து விழுந்த பால்பற்களைச் சேகரித்தார். உடலில் சேர்ந்த காரீயம் பல்லில் தங்கிவிடும் அல்லவா? 1979இல் முடிவு வெளியானது. பல்லில் காரீயம் மிகுந்த பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனையில் குறைந்த புள்ளிகள் பெற்றிருந்தனர். 'கவனம் சிதறும் பிள்ளைகள்' என்று ஆசிரியர்கள் குறித்தவர்களிலும் அவர்களே அதிகம்.

காரணம் எளிது. காரீயம் உடலுக்குள் சுண்ணாம்புச் சத்தைப் போல் நடித்து, வளரும் மூளைக்குள் நுழைந்துவிடுகிறது. விழுங்கும் காரீயத்தைப் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடல் ஈர்த்துக்கொள்கிறது.

நீடில்மன்மீது 1991இல் ஆய்வு மோசடிப் புகார் எழுந்தது. விசாரணையில் மோசடி இல்லை என்று தெளிவானது. அதற்கு முன்பே பெட்ரோலில் காரீயம் குறையத் தொடங்கியிருந்தது. அமெரிக்கப் பிள்ளைகளின் இரத்தத்திலும் அது மளமளவென்று குறைந்தது. சிங்கப்பூர் 1998இலும் மலேசியா 2000இலும் காரீயப் பெட்ரோலைக் கைவிட்டன. கடைசி நாடான அல்ஜீரியா 2021இல்தான் நிறுத்தியது.

இன்றும் எச்சரிக்கை தேவை

ஆபத்து முற்றிலும் நீங்கிவிடவில்லை. உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவரின் இரத்தத்தில் கவலைக்குரிய அளவு காரீயம் இருப்பதாக 2020இல் யூனிசெஃப் அறிவித்தது. உரியும் பழைய சாயம், பேட்டரி உருக்கும் பட்டறைகள், சில வகைக் கண்மை, நிறமேற்றிய மஞ்சள்தூள் ஆகியவை இன்றைய வழிகள். பழைய வீடுகளிலும் பட்டறைகளின் ஓரத்திலும் வாழும் ஏழைப் பிள்ளைகளே இதில் அதிகம் சிக்குகின்றனர். பிறகு அவர்களையே 'மந்தம்' என்கிறோம்!

பெற்றோர்களே, பழைய சாயத்தை உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். சாப்பிடுமுன் பிள்ளையின் கைகளைக் கழுவிவிடுங்கள். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உள்ள உணவு கொடுங்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். படிப்பில் பின்தங்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் காரீயம் காரணமல்ல. ஆனால், பிள்ளையைக் குறை சொல்லுமுன் அது வளரும் இடத்தை ஒருமுறை சுற்றிப் பார்ப்பது பெரியவர்களின் கடமை.