வியாழனின் நிலவுகளும் ஒரு வேலை விண்ணப்பமும்

கலிலியோ என்றதும் நம் கண்முன் வந்து நிற்பவர், மண்டியிட்ட முதியவர். 1633-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள், உரோமாபுரியில், மதபீடத்தின் நீதிபதிகள் நடுவே, பூமி சுழல்கிறது என்ற தம் கொள்கையைத் தாமே மறுத்துரைக்குமாறு வற்புறுத்தப்பட்ட அறுபத்தொன்பது வயது அறிஞர். அந்தக் காட்சியை நாம் மேடைதோறும் சொல்லியிருக்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதற்கு இருபத்து மூன்று ஆண்டுகட்கு முன்னர், வேலை தேடி அரண்மனை வாயிலைத் தட்டிய கலிலியோவை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவரையும் அறியாமல் மண்டியிட்டவரைப் புரிந்துகொள்ள முடியுமா?

1589-இல் பைசா பல்கலைக் கழகத்திலே கணித ஆசிரியர் வேலை. ஆண்டுக்கு 60 ஸ்கூடி ஊதியம். 1592-இல் வெனிசுக் குடியரசின் ஆட்சிக்குட்பட்ட பாதுவா நகருக்கு மாறியபோது 180 புளோரின். தந்தை 1591-இல் மறைந்தார். குடும்பப் பாரம் மூத்த மகன் தலையில். தங்கையர் இருவருக்கும் சீதனம் தரவேண்டும். (சீதனக் கொடுமை நம் நாட்டுக்கே உரிய தனிச்சொத்து என்று எண்ணுவோர் கவனிக்க.) பங்கு தருவதாகச் சொன்ன இசைவாணரான தம்பியோ, கையை விரித்தார். ஆகவே, வானத்தை அளக்கப் பிறந்தவர், மாணவர்களை வீட்டிலே தங்கவைத்துச் சோறிட்டுப் பணம் பெற்றார், தனிப்பாடம் சொன்னார், படைத்துறைக்குப் பயன்படும் கணக்கிடு கருவி ஒன்றைச் செய்வித்து விற்றார். 1606-இல் அக்கருவிக்கான விளக்க நூலை யாருக்குப் படைத்தார் தெரியுமா? தாம் கணிதம் கற்பித்த தஸ்கனி நாட்டு இளவரசன் கோசிமோ மெடிச்சிக்கு! தூண்டில் அப்போதே நீரில் விழுந்துவிட்டது.

1608-இல் ஓலாந்து நாட்டிலே, தொலைப்பொருளை அருகிற் காட்டும் குழாய்க்கு உரிமை கோரினார் கண்ணாடி வினைஞர் லிப்பர்ஷே. செய்தி கேட்டார் கலிலியோ. தாமே கண்ணாடி தீட்டினார். எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியை ஆக்கினார். 1609 ஆகஸ்டில் வெனிசு நகரப் பெருமக்களை மணிக்கூண்டின்மீது ஏற்றிக் கடலைக் காட்டினார். வெறுங்கண்ணுக்குப் புலப்படாத கப்பல்கள் குழாயிலே தெரிந்தன. கடல் வாணிகத்தால் வாழும் நாட்டுக்கு வேறென்ன வேண்டும்? கருவியைக் குடியரசுத் தலைவருக்குப் பரிசாகவே தந்தார். உடன் தந்த மடலில், ஒளியியலின் ஆழ்ந்த ஆராய்ச்சியிலே பிறந்த கருவி என்று எழுதினார். ஓலாந்துச் செய்தியை அடுத்த ஆண்டு வந்த நூலில் ஒப்புக்கொண்டவர்தாம். ஆனால் ஊதியம் உறுதியாக வேண்டிய வேளையில் எதை முன்னே வைப்பது, எதைப் பின்னே வைப்பது என்பதை அறிந்திருந்தார்.

520 புளோரின் ஊதியம் 1000 ஆயிற்று. பதவி வாழ்நாளுக்கும் உறுதியாயிற்று. ஆனால் உயர்வு உடனே இல்லை. நடப்பு ஒப்பந்தம் முடிந்த பிறகே. அதன்பின் மேலும் உயர்வு கேட்க வழியில்லை. பாடம் சொல்லும் கடமையும் நீங்கவில்லை. குடியரசு பொதுப்பணத்தைத் தருகிறது, பொதுப்பணி கேட்கிறது. கடமையற்ற ஓய்வைத் தரவல்லவன் தன் விருப்பப்படி வாரி வழங்கும் தனியரசன் ஒருவனே என்று கலிலியோ தம் கடிதத்திலேயே குறித்திருக்கிறார். மக்களாட்சியின் நியாயமான கட்டுப்பாடு ஒரு மாமேதைக்குச் சுமையாகத் தோன்றியதே என்று நமக்கு வருத்தந்தான்.

1610 சனவரியில் இருபது மடங்கு பெருக்கும் குழாயை வியாழன் பக்கம் திருப்பினார். கோளைச் சுற்றிவரும் நான்கு நிலவுகள்! எல்லாம் பூமியையே சுற்றுகின்றன என்ற பழங்கொள்கையின் நெஞ்சிலே பாய்ந்த ஈட்டி அது. அந்த ஈட்டிக்கு என்ன பெயர் சூட்டலாம் என்று, இதற்குள் பெருங்கோமகனாகிவிட்ட கோசிமோவின் செயலர் வின்தாவிடம் கேட்டு எழுதினார். கோசிமோவின் பெயரையொட்டிய ‘கோஸ்மிக்கா’வா, குடும்பப் பெயரான ‘மெடிச்சி விண்மீன்கள்’ என்பதா? முன்னது, அண்டம் என்னும் பொருள் தந்து குழப்பும்; குடும்பப் பெயரே நன்று என்று பதில் வந்தது. அதற்குள் முதற்பெயர் அச்சேறிவிட்டது. அதன்மேல் தாள் துண்டு ஒட்டித் திருத்தினார்கள். துண்டு ஒட்டிய படிகள் இன்றும் உள்ளன. ‘விண்மீன் தூதன்’ என்ற அந்நூல் 1610 மார்ச்சில் 550 படிகள் வெளிவந்தது. அதன் படையலுரையிலே, கோசிமோ பிறந்த வேளையில் வியாழன் உச்சி வானில் வீற்றிருந்ததாம். அதனாலேயே அவன் குணச்சிறப்புகளாம்! நிலவுகள் நான்கு, கோசிமோவும் தம்பியருமாக உடன்பிறந்தார் நால்வர் — பொருத்தமும் பார்த்தாகிவிட்டது. சோதிடத்தின் வானத்தைச் சிதைத்த கை, சோதிடத்தாலேயே மாலை தொடுத்தது!

எள்ளி நகையாடிவிட்டுப் போய்விடலாமா? கூடாது. 1610 மே திங்களில் வின்தாவுக்கு எழுதிய விண்ணப்பத்தைப் பாருங்கள். எழுதப்போகும் நூல்களை வரிசைப்படுத்துகிறார்: உலகின் அமைப்பு பற்றி, இயக்கம் பற்றி. ஊதியத்தோடு ஒரு பட்டமும் கேட்கிறார்: ‘கணித அறிஞர்’ என்பதோடு ‘தத்துவ அறிஞர்’ என்றும் சேர்க்கவேண்டும், கணிதத்திலே செலவிட்ட மாதங்களைவிடத் தத்துவத்திலே செலவிட்ட ஆண்டுகள் மிகுதி என்கிறார். மிகைதான். ஆனால் காரணம் இருந்தது. அக்காலப் பல்கலைக் கழகங்களில் கணித ஆசிரியன் கீழ்வரிசைக்காரன். கோள்களின் இருப்பிடத்தை அவன் கணக்கிட்டுச் சொல்லலாம். உலகம் உண்மையில் எப்படி இருக்கிறது என்று சொல்லும் உரிமை தத்துவப் பேராசிரியர்க்கே. கொப்பர்னிக்கசின் கொள்கையைத் தாம் ஏற்பதாக 1597-லேயே கெப்ளருக்கு எழுதிய கலிலியோ, நகைப்புக்கு அஞ்சி அதை வெளியிடவில்லை. வெளியிட்டால் கேட்க வைக்கும் தகுதி அந்தப் பட்டத்தில் இருந்தது. பிறப்பையும் பட்டத்தையும் கேட்ட பிறகே கருத்தைக் கேட்கும் உலகம், அறிஞனைப் பட்டத்துக்கு அலைய வைக்கிறது. பழி முழுவதும் அலைந்தவனுக்கா?

1610 ஜூலையில் கேட்டதெல்லாம் கிடைத்தது. 1000 ஸ்கூடி, பாடம் நடத்த வேண்டியதில்லை, பைசாவில் தங்கவும் வேண்டியதில்லை. செப்டம்பரில் புளோரன்சு சேர்ந்தார். மறு ஆண்டு, கீழைநாட்டிலிருந்து திரும்பிய நண்பர் சாக்ரெதோ, வெனிசில் இருந்த உரிமை வேறெங்கே கிடைக்கும் என்று கவலையோடு எழுதினார். 1606-இல் போப்பாண்டவரின் தடையாணையைத் துச்சமென மதித்து, ஏசு சபையினரை வெளியேற்றிய நாடு வெனிசு. ஆனால் அதே வெனிசுதான் 1593-இல் புரூனோவை உரோமாபுரியிடம் ஒப்படைத்தது என்பதையும் நாம் மறைக்கக்கூடாது.

1632-இல் ‘உரையாடல்’ வெளிவந்தபோது, கேட்டுப் பெற்ற அந்தப் பட்டம் முகப்பிலே பொறிக்கப்பட்டிருந்தது. கோசிமோ 1621-லேயே மறைந்துவிட்டான். மகன் இரண்டாம் பெர்டினாண்டோ ஊதியத்தை நிறுத்தவில்லை. உரோமாபுரி செல்லப் பல்லக்குத் தந்தான். அங்கே தன் தூதர் மாளிகையிலே தங்க வைத்தான். போகவேண்டாம் என்று மட்டும் அவனால் சொல்ல முடியவில்லை. 1642-இல், வீட்டுக் காவலிலேயே கலிலியோ மாண்டபோது, சிறப்பான நினைவுக் கல்லறை எழுப்ப விரும்பினான், போப்பு தடுத்தார், அதற்கும் பணிந்தான். சாந்தா குரோசே தேவாலயத்தில் ஒரு சிற்றறையில் கிடந்த உடல், 1737-இல்தான் கல்லறை கண்டது. மெடிச்சி மரபின் கடைசிப் பெருங்கோமகனும் அதே ஆண்டில்தான் மறைந்தான். நிலவுகளை இன்று வானநூலார் அழைப்பது கலிலியோவின் பெயரால்.