நங்கூரமும் நட்ட தறியும்

கலஞ் செலுத்துந் தொழிலில் இரு கலைகள் உள. ஒன்று செல்லுங் கலை. மற்றொன்று நிற்குங் கலை. செல்லுங் கலையில் நம் முன்னோர் பெற்றிருந்த தேர்ச்சியைப் பலரும் எழுதியுள்ளனர். நிற்குங் கலையை ஆராய்வார் சிலரே. பாய் விரித்துச் செல்லும் மரக்கலம் நின்ற இடத்துக்குத் தீங்கு செய்யாது நிற்பது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். காவிரிக் கரையில் நெல் விளைத்து வாழும் நமக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனின், நம் தஞ்சை மாவட்டத்திற்கும் கடற்கரை உண்டு என்பதையும், அக்கடல் இன்று காவலுக்குட்பட்டது என்பதையும் அன்பர்கள் நினைவு கூர்தல் வேண்டும்.

முதற்கண் காவிரி கடலொடு கலக்கும் இடத்தை நோக்குவோம். கடியலூர் உருத்திரங் கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, உப்பை விற்று நெல்லேற்றி வந்த படகுகள் முளைகளிற் பிணிக்கப்பட்டு நின்ற காட்சியை, லாயத்திற் கட்டிய குதிரைகளோடு ஒப்பிடுகின்றது. இது வெறுங் கற்பனையன்று. பூம்புகாரை அடுத்த கீழையூரில் 1960-களில் இந்தியத் தொல்பொருள் துறையினர் அகழ்ந்தபோது, செங்கல்லாற் கட்டிய படகுத்துறை ஒன்றும், படகுகளைக் கட்டுதற்குரிய மரத்தூண்களும் வெளிப்பட்டன. அத்தூண்களின் காலம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவின தென்று ஆய்ந்து கண்டனர். ஒரு முறை நட்ட தூணில் நூறு படகுகள் மாறி மாறி நிற்கலாம்; நிலம் மீண்டும் மீண்டும் கிழிபடுவதில்லை.

ஆயின் கரையினின்று விலகிய நீரில் தூணுக்கு வழியின்மையின் நங்கூரம் தோன்றிற்று. துவாரகைக் கடலடியிற் கிடைத்த பழைய நங்கூரங்கள் துளையிட்ட கற்களேயாம். மேல்துளையிற் கயிறும், கீழ்த்துளைகளில் மண்ணைப் பற்றும் மரக்கொம்புகளும் பொருத்துவர். பின்னர் இரும்பு நங்கூரமும் சங்கிலியும் வந்தன. நங்கூரத்தின் பிடி வலுத்ததோடு கடலடிக்கு நேரும் புண்ணும் பெரிதாயிற்று.

இனி நம் கடலுக்கு வருவோம். கல்லணையிற் பிரிந்து பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளை நனைக்கும் கால்வாய் 1934-ல் திறக்கப்பட்டது. அவ்வயல்களுக்கு அப்பால் விரிந்து கிடப்பதே பாக் விரிகுடா. மல்லிப்பட்டினத்தின் அருகே, நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றமையைக் குறித்து இரண்டாம் சரபோஜி மன்னர் 1814-ல் எடுப்பித்த மனோராக் கோபுரம் இக்கடலை நோக்கி நிற்கின்றது. ஆழங் குறைந்து, பெரும்பாலும் அலையடங்கி, ஒளி அடிவரை புகும் நீராதலின், இங்குக் கடற்புல் செழித்து வளர்கின்றது. அப்புல்லை மேய்ந்து வாழ்வது கடற்பசு. ஒரு கடற்பசு நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 முதல் 40 கிலோ புல் தின்னும். பல்லாண்டுக்கு ஒரு முறை ஒரு கன்றே ஈனும். ஆகவே மேய்ச்சல் நிலம் அழியின் அவ்வினம் மீள்வது அரிது. இதனையறிந்து தமிழக அரசு 2022 செப்டம்பரில், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய ஏறக்குறைய 448 சதுர கிலோமீட்டர்க் கடற்பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இத்தகையது இதுவே முதலாவது.

இப்புல்வெளியில் நங்கூரம் வீழின் யாது நிகழும்? கயிறு குறுகியிருப்பின் கலம் அசையுந்தோறும் நங்கூரம் மேலெழும்பி, ஏர்க்கொழுபோல் அடியை உழுதுகொண்டு செல்லும். உழவன் உழுவது விதைக்க. நங்கூரம் உழுவதோ வேரைப் பறிக்க. காற்று மாறுந்தோறும் சங்கிலி வட்டமாய் அரைத்துப் புல்லை மழிக்கும். அப்புண் ஆற ஆண்டுகள் பல ஆகும். இழுவலையால் விளையுங் கேடு இதனினும் பெரிதென்பது உண்மையே. எனினும் பெருங்கேடு உண்டென்பது சிறுகேட்டுக்கு நியாயம் ஆகாது.

ஆதலின் பொறுப்புள்ள மீகாமன் செய்யத்தக்கன இவை. முதலாவது, நிற்குமுன் அடியை அறிதல். அடியிற் கொழுப்புப் பூசிய ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கின், ஆழம் இத்தனை பாகம் என்பதும், ஒட்டி வருவது மணலா, சேறா, புல்லா என்பதும் விளங்கும். இரண்டாவது, வெறும் மணலிலேயே நங்கூரம் இடுதல். மூன்றாவது, ஆழத்தைப் போல் சங்கிலியாயின் ஐந்து மடங்கும், கயிறாயின் ஏழு மடங்கும் விடுதல். அப்போதே இழுப்புக் கிடையாக அமைந்து பிடி நழுவாது. நான்காவது, கலம் சுழலும் வட்டம் முழுதும் புல்லுக்குப் புறம்பாதல். ஐந்தாவது, எடுக்குங்கால் கலத்தை நங்கூரத்திற்கு நேர்மேலாகக் கொணர்ந்து, இழுத்துச் செல்லாது செங்குத்தாகத் தூக்குதல்.

இவற்றினும் மேலான வழி ஒன்று உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள கீ லார்கோவில் பவளப்பாறைகள் நங்கூரங்களால் நொறுங்குவதைக் கண்ட ஜான் ஹாலஸ் என்பார், 1981-ல் அடிப்பாறையில் துளையிட்டு முளை பதித்து, அதனொடு பிணித்த மிதவைகளை அமைத்தார். வரும் படகுகள் நங்கூரம் இடாது மிதவையிற் கட்டிக்கொள்ளும். பின்னர்ப் பல நாடுகள் இதனைப் பின்பற்றின. இஃது என்னை? கீழையூர்த் துறையில் நட்ட தூணே கடலடியில் நடப்பட்டது. காவிரிக் கரையினர் அன்றே கண்ட நெறிக்கு உலகம் வேறு வடிவில் மீண்டுளது என்க.

பழம்பெருமை பேசி மகிழ்தல் எளிது. அப்பெருமைக்குரிய நெறியைக் கைக்கொள்ளுதலே அரிது. மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம் முதலிய துறைகளில் தூண்போல் நிற்கும் மிதவைகள் அமையுமாறு வேண்டுதலும், அங்குப் படகேறும் நம் இளைஞர்க்கு இம்முறைகளைக் கற்பித்தலும் நம் கடமை. ஒரு துறையில் நாம் நின்று நீங்கிய பின், அடுத்து வருவோனுக்கும் அடியில் மேய்வதற்கும் அஃது அவ்வாறே எஞ்சியிருத்தல் வேண்டும்.