ஸ்டட்லியின் கருவிப் பெட்டி

தச்சர் ஒருவர் இறந்துட்டா அவரோட கருவிகள் என்ன ஆகும்? உளி ஒருத்தர் கைக்குப் போகும், ரம்பம் இன்னொருத்தர் கைக்கு. மீதி பழைய இரும்புக் கடைக்கு. ஹென்றி ஸ்டட்லியின் கருவிகளுக்கு அந்தக் கதி வரல. அதுக்குக் காரணம் அவர் கையாலேயே செஞ்ச பெட்டிதான்னு எனக்குத் தோணுது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குயின்சியில் பியானோ செய்தவர் ஸ்டட்லி. பெட்டி மகாகனி மரம், சுவரில் மாட்டுவது. மூடியிருந்தா சுமார் 39 அங்குல உயரம், 20 அங்குல அகலம். திறந்தா உள்ளே கிட்டத்தட்ட 300 கருவிகள்! ஒரு தட்டைக் கீலில் திருப்பினா பின்னால் இன்னொரு அடுக்கு; சில இடங்களில் அதுக்கும் பின்னால் ஒண்ணு. கருங்காலி, தந்தம், முத்துச்சிப்பின்னு அலங்காரம் வேற. எல்லாம் பியானோப் பட்டறையில் புழங்கின சரக்கு. மிச்சம் மீதியை எடுத்து வச்சிருப்பார்னு என் ஊகம்.

பாக்கிறவங்க அலங்காரத்தில்தான் மயங்குறாங்க. எனக்கு அந்த இடங்கள்தான் ஆச்சரியம். ஒவ்வொரு கருவிக்கும் அளவெடுத்துச் செஞ்ச இடம். ஒரு உளியை எடுத்துட்டா அந்த இடம் பல்லிளிக்கும். வேற உளி அங்கே உட்காராது. பிரிச்சு விக்க யாருக்கு மனசு வரும்?

1925ல் இறப்பதற்கு முன் ஸ்டட்லி அதை நண்பர் ஒருவரிடம் கொடுத்தார். நண்பரின் பேரன் 1980களின் கடைசியில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு இரவலாகத் தந்தார். பிறகு தனியார் சேகரிப்பாளர் ஒருவர் வாங்கிட்டார். நாம போட்டோவில் பாத்துக்க வேண்டியதுதான்.