பொம்மை என்று எழுதலாமா?

 பதிவு கொஞ்சம் நீளம். காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

2022 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பெயர் போடாதீங்க ஐயா என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அம்பத்தூர் பக்கம் ஒரு சின்ன ஷெட்டில், பள்ளிப் பிள்ளைகள் பழகுவதற்கான குட்டி ட்ரோன்கள் செய்கிறான். கையளவு இருக்கும், பத்து நிமிடம் பறக்கும். மலேசியாவில் ஒரு பள்ளி பத்து ட்ரோன் கேட்டிருந்தது. வீட்டு நகையை அடகு வைத்து உதிரிபாகம் வாங்கி, செய்தும் முடித்துவிட்டான். கூரியர்காரர், ஏற்றுமதி அனுமதி இல்லாமல் பெட்டியைத் தொடமாட்டேன் என்றுவிட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விளையாட்டுச் சாமான்னு எழுதி அனுப்பிடுப்பா!"

முப்பது வருடம் வரலாறு நடத்தியவன் சொன்ன யோசனை இது. அவன் சிரிக்கவில்லை. "அது பொய் இல்லையா ஐயா?" என்று மட்டும் கேட்டான். எனக்கு முகம் சுருங்கிப் போனது. அன்று ராத்திரிதான் இந்தச் சங்கதி எங்கே தொடங்கியது என்று தேட உட்கார்ந்தேன்.

உரிமம் என்பதற்கும் நம் பகுதிக்கும் பழைய உறவு உண்டு. 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாட்டில்தான் 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானம் நிறைவேறியது. தலைவர் தேபர், இங்கே முதலமைச்சர் காமராஜர். வகுப்பில் பத்து மதிப்பெண் கேள்வியாக எத்தனை தடவை கொடுத்திருப்பேன்! தொழிலுக்கு உரிமம், இறக்குமதிக்கு உரிமம், அளவுக்கு ஒதுக்கீடு என்று அடுத்த வருடங்களில் கட்டு இறுகியது. ராஜாஜி அதை 'பர்மிட் லைசென்ஸ் ராஜ்ஜியம்' என்று கேலி செய்தார். 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியதும் அதை எதிர்த்துத்தான்.

ஆனால் பழி முழுவதையும் ஆவடி தலையில் கட்டுவது சரியல்ல. ஏற்றுமதி, இறக்குமதிக் கட்டுப்பாடு வெள்ளைக்காரன் உலகப் போர்க் காலத்தில் கொண்டுவந்தது. அதைத்தான் 1947-இல் சட்டமாக்கினார்கள். போர் முடிந்தும் அது போகவில்லை. 1992-இல் அந்நிய வர்த்தக (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் வந்த பிறகுதான் அந்தப் பழைய சட்டம் ஓய்ந்தது.

அப்போது பெரும்பாலான பொருள்களுக்குக் கதவு திறந்தது. ஆனால் பிற்பாடு வந்த ஒரு பட்டியலுக்குப் பூட்டு இருந்தது. அதன் பெயர் ஸ்கோமெட். வீட்டுக்கும் ஆகும், ஆயுதத்துக்கும் ஆகும் என்ற இரட்டைப் பயன் சரக்குகளின் பட்டியல் அது: ரசாயனம், கிருமி, உலோகம், கருவி, தொழில்நுட்பம். ஆளில்லா விமானம் அதில் 5பி பிரிவில் இருந்தது.

கையளவு ட்ரோன் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது? 1987-இல் ஏழு பணக்கார நாடுகள் சேர்ந்து ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பை உண்டாக்கின. அவர்கள் பெரிதாக அஞ்சியது 500 கிலோ சுமையை 300 கிலோமீட்டர் தூக்கிப்போகும் சாதனத்துக்கு. சிறியவற்றுக்கும் சில விதி உண்டு. 20 லிட்டருக்கு மேல் மருந்து தெளிக்கும் தானியங்கி ட்ரோனும் கட்டுப்பாட்டில் வரும். பூச்சிமருந்து தெளிக்கிற கை விஷத்தையும் தெளிக்கலாம் அல்லவா? ஜப்பானில் 2006-இல் யமஹா மோட்டார் நிறுவனத்தில் போலீசார் சோதனை போட்டது இப்படியொரு விவகாரத்தில்தான். வயலுக்கு மருந்தடிக்கும் ஆளில்லா ஹெலிகாப்டரை அனுமதியின்றிச் சீனாவுக்கு அனுப்ப முயன்றதாகப் புகார்.

இந்த அமைப்பில் இந்தியா 2016 ஜூனில் 35-ஆவது உறுப்பினராகச் சேர்ந்தது. அடுத்த வருடம் வாஸனார் உடன்பாட்டிலும் சேர்ந்தது. அந்த உடன்பாட்டின் பட்டியலில்கூட அரை மணி நேரமாவது பறக்கக்கூடிய ட்ரோன்தான் அகப்படும். நம் நாட்டு வலைக்குக் கண் இன்னும் சின்னது. பத்து நிமிடம் பறப்பதும் அதில் மாட்டியது.

வேடிக்கை என்னவென்றால், அதே 2022 பிப்ரவரி 9-ஆம் தேதி மத்திய அரசு வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை போட்டது. ஆராய்ச்சி, பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும் விலக்கு. உதிரிபாகம் தாராளமாக வரலாம், இங்கேயே செய்யுங்கள் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். செய்தவன் வெளியே விற்கப் போனால் ஏவுகணைக்கார வரிசையில் நிற்க வேண்டும்!

என் மாணவன் நின்றான். வாங்குபவர் யார், எதற்கு, வேறு யாருக்காவது கைமாற்றுவாரா என்று எல்லாவற்றுக்கும் தாள் வேண்டும். பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பச் சொல்லி மாறி மாறி எழுதினான். இடையில் அந்தப் பள்ளிக்கு ஆண்டு முடிந்தது. ஆர்டர் ரத்து. பத்துப் பெட்டியும் ஷெட்டிலேயே கிடந்தன. ஒரு பையனை வேலையை விட்டு நிறுத்தினான். நகை மீள ஒன்றரை வருடமாயிற்று.

2023 ஜூன் 23-இல் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் விதியைத் தளர்த்தியது. 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 25 கிலோவுக்கு மேல் தூக்காத, பொதுமக்கள் பயன்பாட்டுக்கான ட்ரோனுக்குப் பொது அனுமதி ஒருமுறை வாங்கினால் போதும், மூன்று வருடம் செல்லும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக உரிமம் கேட்டு நிற்க வேண்டாம். இது ட்ரோனுக்கு மட்டும்தான், மென்பொருளும் தொழில்நுட்பமும் இதில் சேராது.

அப்படியானால் பழைய விதி வெறும் மடத்தனமா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உக்ரைன் போரில் கடையில் வாங்கிய ட்ரோனில் குண்டு கட்டி வீசுவதைத் தொலைக்காட்சியில் பார்த்தோமே. நாம் தளர்த்திய இரண்டே மாதத்தில், செப்டம்பர் 1 முதல், சீனா தன் ட்ரோன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. பயம் நிஜம். ஆனால் பெரிய மீனுக்குப் போட்ட வலையில் அம்பத்தூர் அயிரை மாட்டியதும் நிஜம்.

போன மாதம் அவன் மறுபடி வந்தான். பொது அனுமதி கிடைத்துவிட்டது, அதே மலேசியப் பள்ளிக்கு ஆறு ட்ரோன் போகிறது. பேட்டரிக்கு விமானக் கம்பெனியின் விதி வேறு. அதற்குத் தனி லேபிள், தனி அலைச்சல். அதையும் முடித்திருந்தான். தாள்களை என்னிடம் நீட்டி, "எழுத்துப்பிழை பாருங்க ஐயா" என்றான்.

எடை, பறக்கும் தூரம், வாங்கும் பள்ளியின் பெயர், என்ன வேலைக்கு என்று எல்லாம் விவரமாக எழுதியிருந்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். பொம்மை என்ற சொல் எங்கேயும் இல்லை.