நினைவக ஒதுக்கீட்டுப் பிழைகளைச் சூழல் மாறிகளால் கண்டறிதல்

சி, சி++ நிரல்கள் நினைவகத்தைத் தாமே கேட்டுப் பெற்று, தாமே விடுவிக்கின்றன. கேட்ட அளவைத் தாண்டி எழுதுவது, விடுவித்த இடத்தை மறுபடி படிப்பது, ஒரே இடத்தை இருமுறை விடுவிப்பது ஆகியவை இதில் வழக்கமாக நேரும் பிழைகள். லினக்ஸில் பரவலாக உள்ள குனு சி நூலகம் இவற்றைப் பிடிக்க மலாக்_செக்_, மலாக்_பெர்டர்ப்_ என்னும் இரு சூழல் மாறிகளைத் தருகிறது. நிரலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதில்லை. இயக்குமுன் ஷெல்லில் மாறிக்கு மதிப்புக் கொடுத்தால் போதும்; புதிய பதிப்புகளில் மலாக்_செக்_ மாறிக்கு மட்டும் கீழே சொல்லும் கூடுதல் படி தேவை. மூலநிரல் கையில் இல்லாத மென்பொருளையும் சோதிக்க முடிவதே இவ்வழியின் பெரும் பயன். இரு பெயர்களும் அடிக்கோட்டில் முடிகின்றன. அதை விட்டுவிட்டால் எச்சரிக்கையும் வராது, சோதனையும் நடக்காது.

20 ஆங்கில எழுத்துகள் கொண்ட பெயருக்கு ஒரு நிரல் 20 பைட் மட்டும் கேட்கிறது என்று கொள்வோம். முடிவைக் குறிக்கும் பூச்சியம் 21ஆம் பைட்டில் விழும். 64 பிட் கணினியில் நூலகம் 24 பைட் தருவதால் தவறு வெளியே தெரியாது. பெயரும் கேட்கும் அளவும் 24 ஆகிவிட்டாலோ, அதே பூச்சியம் அடுத்த துண்டின் அளவுக் குறிப்பைச் சிதைத்துவிடும். மலாக்_செக்_ இயங்கும்போது, கேட்ட அளவு முடிந்த இடத்திலேயே ஒரு காவல் பைட் எழுதப்படுகிறது. விடுவிக்கும் நேரத்தில் அது மாறியிருந்தால் நிரல் நிறுத்தப்படும். ஆகவே நிரல் நின்ற வரியில் பிழையைத் தேடுவது வீண். அந்த இடத்தில் அதற்கு முன் எழுதியது யார் என்று பார்க்க வேண்டும்.

மலாக்_பெர்டர்ப்_ எதையும் சரிபார்ப்பதில்லை; பிழையை வெளிக்கொணர்கிறது. மதிப்பு 165 என்றால் புதிதாகத் தரும் இடம் 90ஆலும், விடுவித்த இடம் 165ஆலும் நிரப்பப்படும். தற்செயலாகப் பூச்சியம் இருந்ததால் ஓடிக்கொண்டிருந்த நிரல் அப்போது தடுமாறும். பூச்சியமாக்கியே இடம் தரும் காலாக் இதற்கு விலக்கு.

2021 ஆகஸ்டில் வந்த 2.34ஆம் பதிப்பு முதல் மலாக்_செக்_ வசதி தனிப் பிழைத்திருத்த நூலகத்துக்கு மாற்றப்பட்டது. எல்டி_ப்ரீலோட் என்னும் சூழல் மாறி மூலம் அந்த நூலகத்தை முன்கூட்டியே ஏற்றாவிட்டால் மலாக்_செக்_ பயனற்றது. பழைய கையேட்டை நம்பி இயக்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். மேக்ஓஎஸ்ஸில் மலாக்ஸ்கிரிபிள் என்ற மாறி நிரப்பும் வேலையைச் செய்கிறது.

எல்லை தாண்டிப் படிப்பதை மலாக்_செக்_ கண்டுகொள்ளாது. அதற்கு வால்கிரைண்ட் அல்லது அட்ரஸ்சானிடைசர் வேண்டும். முன்னது நிரலைப் பல மடங்கு மெதுவாக்கும். பின்னதற்கு மறு கம்பைல் தேவை.