பாலைப் பல்லியின் புதுமனை

குறுந்தொகையின் 16ஆம் பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்களிடையே ஒரு சிரிப்பு எழும். பொருள் தேடிப் பிரிந்தவன் கள்ளிக்காட்டைக் கடக்கிறான்; அங்கே பல்லி தன் துணையை அழைக்கும் ஒலி காதில் விழும்போதாவது நம்மை நினையானோ என்பதே பாட்டின் கேள்வி. வழிப்பறிக் கள்வர் தம் அம்பை நகத்தில் புரட்டிப் பார்க்கும் ஓசையை அவ்வொலிக்கு உவமையாக்கினார் பாலை பாடிய பெருங்கடுங்கோ. பல்லிக்குக் காதலா என்று சிரிப்பவர்கள், அது பாலை நிலத்துப் பல்லி, வீட்டுச் சுவரில் இருப்பதன்று என்பதைக் கவனிப்பதில்லை. நானும் கவனித்ததில்லை, சென்ற சித்திரைக் கடைசிவரை.

என் தமக்கை குடும்பம் அப்போது சென்னையிலிருந்து திண்டுக்கல்லுக்கு மாறி வந்தது. மருமகன் மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் மஞ்சள் உடலில் கரும்புள்ளி தெளித்த ஒரு பல்லி. லெப்பர்ட் கெக்கோ என்றான். வந்த நாள் முதல் அது எதையும் தின்னவில்லை. ஐந்தாம் நாள் தொலைபேசியில் கேட்டான்: “மாமா, செத்துப் போயிடுமா?”

தமிழாசிரியனிடம் கேட்கும் கேள்வியா இது? எனக்குத் தெரிந்த வழி ஏடு புரட்டுவதுதான்.

இப்பல்லிக்கு அறிவியலுலகில் பெயர் வந்தது நம் துணைக்கண்டத்தில்தான். கல்கத்தா ஆசியச் சங்க அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பிளைத் 1854இல் இதை விவரித்தார். மாதிரி கிடைத்த இடம் பஞ்சாபின் உப்புமலைத் தொடர். இன்று அது பாகிஸ்தானில் உள்ளது. அவர் இட்ட ‘மாகுலாரியஸ்’ என்ற பெயருக்குப் புள்ளியுடையது என்று பொருள். இது சேர்க்கப்பட்ட ‘யூப்ளெபாரிஸ்’ என்ற பேரினத்தை ஜான் எட்வர்ட் கிரே 1827இலேயே வகுத்திருந்தார். நல்ல இமை என்பது அதன் பொருள். நம் வீட்டுப் பல்லிக்கு மூடித் திறக்கும் இமை இல்லை, இதற்கு உண்டு. மாறாக, சுவரில் ஒட்டும் விரல் இதற்கில்லை. தரைவாழ் உயிர், கல்லிடுக்கில் பகலைக் கழித்து அந்தியில் இரைதேடும், கொழுப்பை வாலில் சேமித்துப் பஞ்ச நாள்களைக் கடக்கும். மால்கம் ஸ்மித்தின் ஊர்வன நூலில், 1935இல் வெளிவந்த பல்லிகள் தொகுதியிலும் இது இடம்பெற்றது. உ.வே.சா.வின் குறுந்தொகைப் பதிப்பு 1937இல் வந்தது. இரண்டு பல்லிகளும் இரண்டாண்டு இடைவெளியில் அச்சேறியிருக்கின்றன. என் போன்றோர் ஒன்றை மட்டுமே படித்தோம்.

பின்னர் இது கடல் கடந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கண்ணாடிப் பெட்டிகளில் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கப்பட்டு, காட்டில் காணாத நிறங்களெல்லாம் உருவாக்கப்பட்டன. அதே காலத்தில், இதன் உறவினமான இந்தியச் சிறுத்தைப் பல்லிகளைக் கிழக்கு மாநிலச் சிற்றூர்களில் கொடும் விஷமுள்ளவை என்றஞ்சி அடித்துக் கொன்றார்கள். விஷம் துளியும் இல்லை.

வளர்ப்புக் கையேடுகளும் குளிர்நாட்டில் எழுந்தவையே. எனவே பெட்டிக்கு வெப்பமூட்டச் சொல்லின. மருமகன் அப்படியே செய்திருந்தான். பெட்டியின் ஒரு பக்கம் 31, 32 பாகையும் மறுபக்கம் 25, 26 பாகையும் இருக்க வேண்டும் என்பது கணக்கு; விருப்பம்போல் இடம் மாறித்தான் அது தன் உடற்சூட்டைச் சீராக்கும். சித்திரையில் 38ஐத் தாண்டும் ஊரில், ஜன்னலோரத்தில், சூட்டுத்தகட்டையும் போட்டுவிட்டால் குளிர்ந்த பக்கம் என்று ஒன்று எங்கே இருக்கும்? போதாக்குறைக்கு, பக்கத்து வீட்டார் வரும்போதெல்லாம் கையில் எடுத்துக் காட்டியிருக்கிறான்.

தகட்டை அணைத்தோம். வெப்பமானி வைத்து வீட்டிலேயே குளிர்ந்த உள்ளறையைத் தேடிப் பெட்டியைத் தரையில் வைத்தோம். உடைந்த மண்பானை ஓடுகள் மூன்றைக் கவிழ்த்து வளைகளாக்கினோம். ஒன்றினடியில் ஈரத்துணி, தோல் உரிப்பதற்கு உதவும். மணல் வேண்டாம், விழுங்கினால் குடலடைக்கும் என்பதால் காகிதமே விரித்தோம். பழைய டப்பாவின் காகிதத்தில் ஒரு துண்டைக் கழுவாமல் உள்ளே வைத்தோம், தன் மணம் இருக்கட்டும் என்று. இரண்டு வாரம் யாரும் தொடக்கூடாது; தண்ணீர் மாற்ற மட்டுமே கை நுழையலாம். வயல் பூச்சிகளைப் பிடித்துப் போடலாமே என்றார் அத்தான். மருந்தடித்த வயல் என்பதால் மறுத்துவிட்டேன். வளர்ந்த பல்லி, வால் பருத்திருக்கும்வரை சில நாள் பட்டினி தாங்கும். வால் மெலிந்தாலோ குட்டியாக இருந்தாலோ காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். சமையலறைத் தராசில் வாரம் இருமுறை எடை பார்த்தோம், டப்பாவோடு சேர்த்து.

சுவரிலிருந்த பல்லி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. ஹெமிடாக்டைலஸ் பிரினேட்டஸ் என்று 1836இல் பெயர் பெற்ற ஆசிய வீட்டுப் பல்லி, சரக்குக் கப்பல்களில் ஒளிந்தேறிப் பசிபிக் தீவுகளுக்கும் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்க் குடியேறிய இனம். அதற்கு யாரும் ஓடு கவிழ்க்கவில்லை. ஒரு விளக்கும் ஒரு சுவர் இடுக்கும் போதுமானதாக இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதற்கோ இடுக்கைத் தேடிப் போக வழியில்லை. நாம் வைத்த இடுக்குதான் அதற்கு இடுக்கு.

பதினொன்றாம் நாள் காலையில் மருமகன் அழைத்தான். முந்தின இரவு மூன்று சுவர்க்கோழிகளை உள்ளே விட்டிருந்தானாம். ஒன்றுதான் மிச்சம் இருந்தது.